வெற்று லாரியின் எடை

வால்டிவியாவில் மழை நின்றால்
மக்கள் வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.
எனக்கு மழையும் வெயிலும் ஒன்றாகிப்போய்
பதினான்கு மாதம்.

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
ஒன்பது பக்க ஒப்புதல் படிவம்.
"மாத்திரைக்குள் மருந்து இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம்.
எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது"
என்றாள் செவிலி மரிட்சா ஓயர்சுன்.
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வரி.
அதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
இதுவரை நான் கையெழுத்திட்ட எதிலும்
அப்படியொரு வரி இருந்ததில்லை.

அன்றிலிருந்து நான் எல்பா காத்ரிலேயோ இல்லை,
பங்கேற்பாளர் நாற்பத்தேழு.
உண்மையைச் சொன்னால் இலேசாகத்தான் இருந்தது.
நாற்பத்தேழின் தொட்டியில் கழுவாத பாத்திரம் கிடையாது.
நாற்பத்தேழின் தங்கை
போனில் அழமாட்டாள்.

எனக்கு வேலை மர ஆலை வாசலில், எடைமேடையில்.
பைன் ஏற்றிய லாரி வரும்; எடை போடுவேன்.
இறக்கிவிட்டுத் திரும்பும்; மறுபடி போடுவேன்.
கழித்தால் வருவது மரம்.
குளிர்கால மரம் தண்ணீரையும் சேர்த்து விற்கும்,
அதற்கொரு பட்டியல், அதற்கொரு தள்ளுபடி.
நெமேசியோவின் தந்திரத்துக்குத்தான் பட்டியல் இல்லை:
உள்ளே வரும்போது வண்டியில் மச்சானும் உதிரி டயரும்,
வெளியே போகும்போது
மச்சான் வேலியோரம் நடந்து போவான்
டயரை உருட்டிக்கொண்டு.
பார்ப்பேன். ஜன்னலைத் திறக்க வேண்டும்,
கத்த வேண்டும், மழை.
விட்டுவிடுவேன்.

இரண்டு வாரத்துக்கொரு முறை மரிட்சா என்னை நிறுப்பாள்.
எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா?
இல்லவே இல்லை, சில நாள், பாதி நாள், தினமும்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
வாய் உலர்கிறதா? உலர்ந்தது.
காலியாக இருந்தபோது என்னை யார் எடை போட்டது,
எதிலிருந்து எதைக் கழிக்கிறீர்கள்
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் காலணி நனைந்திருந்தது.
கேட்கவில்லை.

ஆறாம் வாரம்
மகனுக்குக் காய்ச்சல் என்று வராந்தாவில்
அவள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.
தூங்காத முகம்.
நல்லதாக ஏதாவது அவள் கையில் கொடுக்கத் தோன்றியது.
என்னிடம் இருந்தது அந்தத் தாள்தான்.
மூன்று போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டேன்.
தூக்கத்துக்கும் ஒன்று.
"பரவாயில்லையே, எல்பா!" என்றாள்,
எண்ணை மறந்து.

திரும்பும் வழியில், மீன்சந்தைக்குப் பின்னால்
கடற்சிங்கங்கள் மீன்தலைக்கு முட்டிக்கொண்டிருந்தன.
கொழுத்த கிழடு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு
அத்தனை எடையோடும் மழையில் கிடந்தது,
ஒரு கிலோவைக்கூட ஒளிக்காமல்.
அப்போதுதான் உறைத்தது:
மச்சானை நானும் இறக்கி நடக்கவிட்டிருக்கிறேன்.

எட்டாம் வாரம் சொல்லிவிட்டேன்.
மரிட்சா திட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
அழிப்பதற்கு வெள்ளை மை கேட்டேன்.
"இங்கே எதையும் அழிக்கக் கூடாது.
குறுக்கே ஒற்றைக் கோடு. அடியில் இருக்கும் தப்பு படிக்கத் தெரியணும்.
பக்கத்தில் சரியானது. தேதி.
உங்கள் பெயரின் முதலெழுத்து."

கோடு இழுத்தேன். மூன்று என்று எழுதினேன்.
எல்பாவின் எ, காத்ரிலேயோவின் கா.
பிறகு இந்த வாரத்தின் தாள். அதே கேள்வி.
பேனா அங்கே வெகுநேரம் நின்றது.
இரண்டு.

மருந்தா, மாவா என்பது
சந்தியாகோவில் பூட்டிவைத்த உறைக்குத் தெரியும்.
இல்லை, சொல்லித் தொலைத்ததாலா என்பது
அந்த உறைக்கும் தெரியாது.

மறுநாள் நெமேசியோ காலி லாரியை மேடையேற்றினான்.
ஜன்னல் துருவேறி இருந்தது. இரண்டு கையாலும் தள்ளித் திறந்து
கத்தினேன்:
"மச்சான் எங்கேயப்பா?"
நெமேசியோ ஸ்டியரிங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வேலிப்பக்கம், மழைக்குள்ளிருந்து,
தலை குனிந்து
டயரை உருட்டிக்கொண்டு வந்தான் அவன்.