இடச்செட்டை

முதல் தடவை
பிடித்தமாதிரித்தான் நின்றது.
பங்குனி வெயில் ஏற
கழன்று மேசையில் விழுந்தது
கடல்விமானத்தின் இடச்செட்டை.

ரெசினில் ஒரு மெழுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது;
அச்சிலிருந்து நழுவிவரப் பூசிய எண்ணெய்.
நழுவக் கற்றது எதையும் பிடிக்காது.
கல்முனையில் பகலெல்லாம் பொய்ப்பல் செய்கிறவன் நான்,
எனக்கே இது மறந்திருக்கக் கூடாது.

பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பழைய பிரஷ்.
நானூறாம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன்,
தூசு நெஞ்சுக்கு ஆகாது.
பளபளப்புப் போனது; போகட்டும்.
ஊசித் துளை இரண்டு, பித்தளைக் கம்பி இரண்டு.
பசையில்லாமல் ஒருதரம் பொருத்திப் பார்த்தேன்.
மயிரிழை இடைவெளியில் மேசைவிளக்கு தெரிந்தது.
இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

நுஸ்கியா வந்து நின்றாள்,
மூன்று நாளாய்ப் பேசாதவள்.
"ஃபேன நிப்பாட்டவா?"
"ஓம்."

சூப்பர் குளூ, குண்டூசி முனையில் ஒரு சொட்டு.
கடல் ஈரம் அறைக்குள் இருந்தது,
அதில் சீக்கிரம் இறுகும்.
பத்து எண்ணும்வரை
அவளும் மூச்சுவிடவில்லை.

செட்டை நின்றது.
என் பெருவிரலும் அதோடு.

"இழுக்காதீங்க, பொறுங்க,"
நகப்பூச்சுக் கழுவும் போத்தலைத் தேடி
சிரித்துக்கொண்டே ஓடினாள்.