இரு, விடு

பெட்டி பழைய ஸ்டெபிலைசருடையது,
வள்ளியூரில் எடைக்கு வாங்கினது.
உள்ளே கிடந்த பல்லி முட்டைகளை
மிக்கேல்தான் எடுத்தான்,
ராக்கெட்டைத் தொடுவதைவிடப் பதமாக.

முதல் பெட்டியை அவன் செய்தான்:
பேட்டரி, காலிங்பெல் சுவிட்ச், இருபதடி வயர்.
தேரியில் அவன் குனிந்து கிளிப் மாட்டும்போது
ஒரு ஆடு வந்து சுவிட்சை மிதித்தது.
ஆடு என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறோம்.
அவனுடைய இடது புருவம் இன்னும் பாதிதான்.

ஆனி மாதக் காற்று அன்றைக்கு.
அவன் 'இரு' என்றான்.
எனக்கு 'விடு' என்று கேட்டது.

இத்தனைக்கும் நான்
ராதாபுரம் பக்கம் காற்றாலையில் பேனல் பார்க்கிறவள்.
ஏறுகிற ஆள் பூட்டைப் போட்டு
சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறவேண்டும்.
எண்பது மீட்டர் உயரத்தில் இருக்கும்போது
கீழே ஒருத்தரும் உன்னைச் சுழற்றிவிட முடியாது.
அதை இருபதடி தூரத்தில் மறந்தேன்.

ஆகவே இந்தப் பெட்டிக்கு
ஓடாத மொபெட்டின் சாவி சுவிட்ச்.
அணைத்தால்தான் சாவி வெளியே வரும்.
சாவி எப்போதும் நடக்கிற ஆளோடு போகும்.
சிவப்பு விளக்கு: கரண்ட் வந்தாச்சு.
பச்சை: திரி அறுந்துபோகவில்லை.
பச்சைக்குப் போகிற கரண்ட் எறும்புக்கடி அளவு,
நடுவில் ஆயிரம் ஓம் உட்கார்ந்திருக்கிறது.
அதில் திரி பற்றுமா என்று
மூன்று ராத்திரி மல்டிமீட்டரும் கையுமாக இருந்தேன்.
பற்றவில்லை.
ரிலே ஒட்டிக்கொண்டால் பஸ்ஸர் அலறவேண்டும்.
வேண்டுமென்றே ஒட்டவைத்துப் பார்த்தேன்,
அலறியது.
பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும்.

தீ மூட்ட ஒரு பட்டன் போதும்.
மற்ற எல்லாம்,
நாநூற்று அறுபது ரூபாய்க்கும்,
மூட்டாமல் இருக்க.

மாசி. காற்று எழுவதற்கு முந்தின காலை.
மகேந்திரகிரி நீலமாகத் தள்ளி நின்றது.
அங்கே என்ஜின் சோதிக்கிற நாளில்
எங்கள் ஜன்னல் கம்பி நடுங்கும்.
எங்கள் ராக்கெட்
ஜவுளிக்கடை அட்டைக் குழாயில் முழங்கை நீளம்.

சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு
நூறடி நடந்தான் மிக்கேல்.
குனிந்தான். மாட்டினான்.
பிறகு சாவியை வெயிலில் தூக்கிக் காட்டி
"இப்ப அமுக்கு பிள்ள, பாப்போம்" என்றான்.

காற்றில்லை. தெளிவாகத்தான் கேட்டது.
சாவி அவன் கையில்.
அமுக்கினால் ஒன்றும் ஆகாது என்று
இந்த உலகத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.
கட்டைவிரலைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சிரித்துக்கொண்டே வந்தான்.
எச்சில் ஈரத்தோடு சாவியைத் தந்தான்.
திருகினேன். சிவப்பு. பச்சை.
பாதிப் புருவத்தை உயர்த்தி
ஐந்திலிருந்து எண்ணினான்.
கடைசியில் "விடு" என்றான்.

"இருவா?" என்று கேட்டேன்.

செம்மணலில்
விரலால் எழுதிக் காட்டினான்.