குடக்கூலி

ஜனவரி. சுவா ஏரி உறைந்து கிடக்கிறது.
தூசி நுழையாத அறையில்
கைக்கடிகாரப் பற்சக்கரங்களை
இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.
சொல்லாமல் வருகிறது வெக்கை.
மார்பில் தொடங்கிக் கழுத்தேறிக்
காதுமடலில் வந்து உட்காருகிறது.
தலையுறைக்குள் மழை.
கைதவறிப் போனது ஒரு திருகாணி,
மணலில் பாதி. இனிக் கிடைக்காது.

பக்கத்து மேசை இட்சுகோ
என்னைவிட எட்டு மாதம் மூத்தவள்.
அவளுக்கு வியர்ப்பதே இல்லை.
இருபத்திரண்டு வருடமாக ஒரே உணவுக்கூடம்:
மிசோ சூப், டோஃபு, புதன்கிழமை நாட்டோ.
சோயா சாப்பிடுங்கள் என்கிறார்கள் தொலைக்காட்சியில்.
நான் சாப்பிடாத சோயாவா!

ஆளுக்கொரு சோதனைப் பெட்டி வாங்கினோம்.
சிறுநீரைக் குப்பியில் பிடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும்.
தபால் நிலையத்தில் ஹிகுச்சி அதைக் கையில் வாங்கியபோது
'இன்று நல்ல வெயில்' என்றேன்.
வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் காகிதம் வந்தது.
இட்சுகோ: ஈக்குவால் உருவாகிறது.
நான்: உருவாகவில்லை.

'செய்வது நீங்கள் இல்லை'
என்றார் மருந்துக்கடை குராஷினா.
பயறின் சத்து பெருங்குடல்வரை இறங்குமாம்.
அங்கே சில கிருமிகள் அதைப் பிரித்து
வேறொன்றாகக் கட்டுமாம்,
வற்றிப்போன சுரப்பின் சாயலில்.
பாதிப் பேர் வயிற்றில் அந்தக் கைகாரர்கள் உண்டு.
மீதிப் பேர் வயிற்றில் இல்லை.

ஐம்பத்தொரு வருடம்.
இருட்டும் கதகதப்பும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்து
யாரைக் குடிவைத்தேன் நான்?
காலணா குடக்கூலி உண்டா?
'நான் என்ன செய்தேன்?' என்று சிரிக்கிறாள் இட்சுகோ,
பரிசுச்சீட்டு விழுந்தவளைப் போல.

குராஷினா குரலைத் தாழ்த்தினார்:
உங்களவர்களும் சும்மா இருப்பவர்கள் அல்ல.
கோபோக் கிழங்கின் நாரிலிருந்து, பார்லியிலிருந்து
பியூட்டிரேட் வடிக்கிறார்கள்.
குடல்சுவரின் செல்கள் அதை எரித்துத்தான் உயிர்வாழ்கின்றன.

அப்படியானால்
சுவரே அவர்கள் கூலியில்தான் நிற்கிறது.
வீட்டுக்காரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மாத்திரையும் விற்கிறார்கள்,
எங்கோ ஓர் எஃகுத் தொட்டியில்
முகம் தெரியாத கிருமிகள் உழைத்த ஈக்குவால்.
வாங்கினேன். ஒரு மாதம் பார்க்கலாம்.

திரும்பும் பேருந்தில் மறுபடி வெக்கை.
ஜன்னலை ஒரு விரல் திறக்கிறேன்.
'மூடேன்' என்று கழுத்துத்துணியை இழுத்துக்கொள்கிறாள் இட்சுகோ.
இரு, ஒரே நிமிஷம்.

தூரத்தில் ஏரிப்பனி விரிசல்விட்டு முனகுகிறது.
என் வயிறும்தான்.
மதியம் பார்லிச் சோறு.