ஜீரோ மணிப் பை

கொடுங்கையூர் கோதண்டம்
சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்
ரெண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு.
"மாடு நல்லாதாம்மா துன்னுது. பாலு ஏறல.
கேட்டா நாப்பத்தினாலு பர்சன்ட்டுன்றான் கடைக்காரன்."

கடைக்காரன் சொன்னது பொய்யில்லை.
அமிலத்தில் வேகவைத்தேன். கறுத்து, நுரைத்து,
பிறகு பாசிப்பச்சையாய்த் தெளிந்தது.
வடிக்கும்போது மூட்டில் கசிந்த அமோனியாவை
எண்ணூர்க்காரி நான் கண்டுகொள்ளவில்லை.
இளஞ்சிவப்பு தட்டியதும் துளியை நிறுத்தி
நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்கினேன்.
நாற்பத்து நான்கு. புள்ளி இரண்டு கூடவே.

ஆறேகாலுக்குக் கண் கிடையாது.
நைட்ரஜனே, நீ யார் வீட்டுப் பிள்ளை
என்று அது கேட்காது.

மாதவரத்தில் எங்கள் மாடு ஒன்றுக்கு
இடது விலாவில் ரப்பர்க் கதவு.
தோள்வரை கை விட்டால்
சுடுசோற்றுப் பானைக்குள் விட்டதுபோல் இருக்கும்.
அது பாட்டுக்கு அசைபோடும்.
நைலான் பைகளைத் தைத்துத் தரும் மூலக்கடை டெய்லர்
எதற்கென்று இன்றுவரை கேட்டதில்லை.
ஐந்து கிராம், ஐந்து கிராமாக
காலை எட்டு மணிக்குக் கோதண்டத்தின் சந்தேகத்தை
மாட்டுக்குள் இறக்கினேன்.
இரண்டு மணி, நான்கு மணி, எட்டு மணி.
பதினாறாவது மணிக்கு நள்ளிரவு.
ஏசுபாதம் டார்ச் பிடித்தார்.
மணலிப் பக்கம் ஆலைத் தீ வானத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஒரு பை மட்டும் மாட்டுக்குள் போகவே போகாது.
ஜீரோ மணிப் பை.
அதற்கு வெறும் குழாய்த் தண்ணீர்தான், மற்றவற்றோடு சேர்த்து அலசுவோம்.
நல்ல புண்ணாக்கு தண்ணீருக்குக் கொஞ்சம் கொடுக்கும்,
முதல் வயிற்றுக்கு நிறைய,
மிச்சத்தைப் பிடிவாதமாய்க் கட்டிக்கொண்டு
குடல் வரைக்கும் போய்ச் சேரும்.
இது குழாயடியிலேயே முக்கால்வாசியைக் கைவிட்டிருந்தது.
பையில் மிஞ்சியது கடலைத் தோல்.
பதினாறு மணி நேரம் மாடும் நானும் விழித்திருந்தது
தோலுக்காக.

ஒரு டம்ளர் தண்ணீரில் அவர் புண்ணாக்கைக் கரைத்து
வடிகட்டி நீட்டினேன். விரல் நுனியால் தொட்டு
நாக்கில் வைத்தார்.
"சில்லுனு கசக்குதே."
"யூரியாண்ணே."

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
ஸ்டாண்டை எடுத்துவிட்டு நின்றார்.
"கடையில ஒரு பேப்பரு லேமினேட் பண்ணி
மாட்டிக்கினுகீறான், நாப்பத்தினாலுன்னு.
அதுலயும் இதே கையெழுத்துதாம்மா."