வகுத்தால்

ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு விற்றால்
அது பண்ணையாம்;
படிவம் சொல்கிறது.
ஆகவே வெர்லா ஹவ்ரானெக்கின் பதினோரு ஆடுகளும்
ஒருபக்கம் சாய்ந்த கொட்டகையும் ஒரு பண்ணை.
சாலைக்கு அந்தப்புறம் வானம் முட்டும் சோளம்,
ஒன்பதாயிரம் ஏக்கர்,
அதுவும் ஒன்றே.
உரிமையாளர் ஒமாஹாவில் பல் பிடுங்குகிறார்.

கூட்டி இரண்டால் வகுத்தால்
நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
அந்த அளவு நிலம்
இந்தக் கவுண்டியில் ஒருவரிடமும் இல்லை.

டுவோராக் குடும்பம் விற்றுப் போனபின்
வீட்டை இடித்து, நிரவி, உழுதாயிற்று.
ஆளில்லாமல் ஓடும் டிராக்டர்
நிலவறை இருந்த இடத்தில் மட்டும்
லேசாகக் குலுங்கும்.

வேலை செய்வோர் எத்தனை பேர்?
ஒன்று என்று எழுதப் போனாள் வெர்லா.
பேனா எழுதவில்லை.
ஆடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து
அழுத்தி எழுதினாள்.