படுக்கைச் சூடு

இரவு இரண்டு மணிக்கு எர்லெண்ட்
என் பாதத்தைத் தொடுகிறான்.
பெயர் சொல்லி அழைப்பதில்லை.
பாதம் போதும்.
அவன் கழற்றிய மழைச்சட்டை ஈரத்தோடு
என் தோளுக்கு வருகிறது.
நான் விட்டெழுந்த குழியில் அவன் படுக்கிறான்.
சூடு வீணாவதில்லை.

கரையை விட்டுப் பத்தொன்பது நாள்.
உருண்டு விழாமல் தூங்க
இந்தப் படகில் ஒரே ஒரு படுக்கை.
அதில்தான் இருவரும் தூங்குகிறோம்,
ஒரு நாளும் சேர்ந்து அல்ல.

மேலே கொண்டல் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
'தேர்னா' சொன்ன பேச்சுக் கேட்கிறாள்.
சுக்கானைக் காற்றுத்தகடு பார்த்துக்கொள்ள
எனக்கிருக்கும் வேலை
எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது.
தெரிவதில்லை.
ஒருமுறை தெரிந்தது.
கப்பல்தான் என்று பதறி
அரைமணி நேரம் திசைகாட்டி பிடித்து அளந்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
"கப்பல் இல்லை. விடிவெள்ளி. மன்னிக்கவும்."
மறுநாள் அதன் கீழே அவன் கோணல் எழுத்து:
"பரவாயில்லை, குன்வோர்.
என்னைப் போன வாரம் வியாழன் ஏமாற்றியது."

இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.
காற்று, காற்றழுத்தம், கடந்த மைல்,
எல்லாம் அதனதன் கட்டத்தில்.
ஓரத்தில் மற்றவை.
"வெங்காயம் நாலு முளைவிட்டது. முதலில் அதைத் தின்."
"முன்பாயின் கயிறு உரசுகிறது. துணி சுற்றியிருக்கிறேன்."
"தளத்தில் மூன்று கோலா மீன். இரண்டு உனக்கு."
"உன் அக்கா கனவில் வந்தாள். என்மேல் ஏதோ கோபம்."

மோல்டேயில் எங்கள் சமையலறை
இந்தப் படகைவிட அகலம்.
அங்கே பதினோரு வருடம்
எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.
அப்போதெல்லாம் யார் கனவில் யார் வந்தார்கள்,
கேட்டதில்லை.

இருபத்திரண்டாம் நாள்
பேச்சின் நடுவே எழுந்து போனவர்போல்
காற்று நின்றது.
பாய்கள் தொங்கின.
பாய்மரம் மட்டும் வெறும் வானத்தில்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.
முறை வைத்துக் காக்க ஒன்றுமில்லை.
நடுப்பகலில், ஒரே நேரத்தில், இருவரும் விழித்திருந்தோம்.

அவன் தாடியில் இத்தனை நரை
எந்த இரவில் ஏறியது?
தேநீர் போட்டு வந்தான், இரண்டு கோப்பை.
"காற்று இல்லை" என்றான்.
"இல்லை" என்றேன்.
பெண் பார்க்க வந்த இடத்தில்
தனியே விடப்பட்ட இருவர்போல்
கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு உருளைக்கிழங்கு சீவினோம்.
வேண்டியதைவிட அதிகமாகவே.
கீழே நாலாயிரம் மீட்டர் தண்ணீர்.
நான் வீசிய தோல் ஒன்று சுருள் அவிழாமல்
படகின் விலாவிலேயே ஒட்டிக் கிடந்தது
சாயங்காலம் வரைக்கும்.
மறுநாள் காலையும் அங்கேயே.
அவன் அதற்கு வணக்கம் சொன்னான்.

அன்றிரவு சேர்ந்தே படுக்கலாம் என்று பார்த்தோம்.
முழங்கை, விலா, என் முடி அவன் வாயில்.
யார் முதலில் சிரித்தது, நினைவில்லை.
பாய்மூட்டையை இழுத்துப் போட்டு
அவன் தரையில் படுத்தான்.
இருட்டில் எட்டி
அவன் பாதம் எங்கே என்று தேடினேன்.
குளிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் விடியலில்
முன்பாய் ஒருமுறை படபடத்தது.
வாசலில் விருந்தாளி வந்த சத்தம் கேட்ட பிள்ளைகள்போல்
முட்டி மோதிக்கொண்டு மேலே ஓடினோம்.
அவன் கயிற்றுக்கு, நான் சுக்கானுக்கு.
அணியத்தில் நுரை கட்டத் தொடங்கியது.
அப்பாடா என்றிருந்தது,
அதைச் சொல்ல இருவருக்குமே கூச்சம்.

இரவு இரண்டு மணி.
பாதம்.
மழைச்சட்டை காய்ந்திருக்கிறது.
அவன் கண்ணயர்ந்த பின்
சிவப்பு விளக்கில் பதிவேட்டைத் திறக்கிறேன்.
காற்று கிழக்கு, நாலு. இருபத்தோரு மைல்.
ஓரத்தில்:
"அந்தத் தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்."

பதில் எழுத நாலு மணி நேரம் இருக்கிறது.
பென்சிலைச் சீவுகிறேன்.