நாற்பத்து மூன்றாம் எண்

உட்லண்ட்ஸ் புளோக்கின் கீழ்த்தளம்.
நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், தலையாட்டாத ஒரு மின்விசிறி,
ஏழரைக்கே நிரம்பிவிட்ட திங்கட்கிழமை.
என் சீட்டில் நாற்பத்து மூன்று.
உள்ளே இப்போதுதான் பத்தொன்பது.

பையில் மூன்று மறுப்புக் கடிதங்கள்,
அட்டையில் டிராகன் சுருண்டிருக்கும் ஒரு தடித்த நாவல்.
பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்தார், பிறகு
என் நரையைப் பார்த்தார்.

அந்த நாட்டில்
கோட்டை வாசலில் ஒரு தராசு.
வருகிறவனின் நிழலைக் காலிலிருந்து உரித்து
தட்டில் போடுவார்கள்.
கனத்தால் கதவு திறக்கும்.
எவ்வளவு கனம் என்று
எந்தக் கல்வெட்டிலும் இல்லை.
நிறுப்பவர்கள் கொடியவர்கள் அல்லர்.
தண்ணீர் தருகிறார்கள்.
"ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார்கள்,
வருத்தம்கூட நிஜம்தான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடிவைத்தேன்.
எழுதியவள் பனி பெய்யும் ஊர்க்காரி.
தேவேந்திரனை அவளுக்கு யார் சொன்னது?

பதினோரு வருடம்
விடியுமுன் நாலு மணிக்கு
ஜொகூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து
செனோக்கோ அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு வந்தவன்.
இரண்டு விரல் போன மாதமே
பெர்மிட்டும் போனது.
இப்போது அக்கரையில் ஓர் அறை.
ராத்திரி போன் போட்டு
"லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுறேன், தெரியுதா?" என்பான்.
ஒன்பதாம் மாடிச் சன்னலில் நின்று
ஆயிரம் விளக்குகளில்
ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு
"தெரியுது" என்பேன்.

நாற்பத்து மூன்று!

கடிதம் தட்டச்சு செய்யும் தொண்டூழியர்,
பல்கலைக்கழகப் பெண், ஹுய் மின்.
கணவர் சம்பளம்? இல்லை.
உங்கள் சம்பளம்? சொன்னேன்.
பிள்ளைகள்?
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.
"எவ்வளவு இருந்தால் போதும்?"
கேட்டுவிட்டேன்.
திரையில் மேலும் கீழும் தேடினாள்.
"அப்படி எதுவும் போடல ஆன்ட்டி."
காதோரம் சிவந்தாள்.
தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

எழுந்தபோதுதான் புத்தகம் கண்ணில் பட்டது அவளுக்கு.
"ஐயோ, இதா! கடைசியில எல்லாரும் நிழலைச் சேர்த்து—"
"சொல்லாதே" என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டாள்.
நல்ல முடிவா என்று
அவள் முகத்தில் தேடாமல் வெளியே வந்தேன்.

குழல்விளக்கின் கீழ்
என் நிழல் நீண்டு
நாற்பத்து நான்காம் எண்காரர் செருப்பின்மேல் விழுந்தது.
அவர் மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டார்.